பூவிட்ட கீரை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் சென்னையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரியின் சமூக சேவைக் குழு என்னையும் என் அறைத்தோழியையும் கவரைப்பேட்டையை அடுத்த ஒரு தொடக்கப்பள்ளிக்கு அனுப்பியது. சனிக்கிழமைதோறும் ரயிலில் போய் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தோட்டம் போடக் கற்றுத்தர வேண்டும். கிணற்றை ஒட்டிய நிலத்தைப் பாதியாகப் பிரித்தோம். பிள்ளைகளையும் அப்படியே பிரித்துக்கொண்டோம்.

பிரித்ததெல்லாம் பேச்சுக்குத்தான். பிள்ளைகள் எல்லோருமே அவள் பக்கம்தான் இருந்தார்கள். ரயில் நின்றதும் ஓடிவந்து அவள் கூடையைப் பிடுங்குவார்கள்.

"அக்கா, நான் தூக்கினு வரேன்!"

"போடா, போன வாரம் நீதான் தூக்கின."

என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "வணக்கம் டீச்சர்" என்பார்கள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது.

அவளுடைய பாத்திகள் கோணல்மாணலாக இருந்தன. விதையை மணலோடு கலக்காமல் தூவியதால் முளைக்கீரை ஓரிடத்தில் அடைசலாகவும் ஓரிடத்தில் சொட்டையாகவும் வந்தது. நான் கயிறு கட்டிக் கோடு போட்டு, வரிசையாக விதைக்க வைத்தேன். என் பாத்திகளில் களை கிடையாது. பருவ முடிவில் பேராசிரியை பார்வையிட வருவார். அவர் என் பாத்திகளைப் பாராட்டினால், பிள்ளைகள் தாங்கள் யாரிடம் வேலை கற்றார்கள் என்பதைப் புரிந்துகொண்டு என்னிடம் வந்துவிடுவார்கள் என்று நம்பினேன். நான் விரும்பியது அது ஒன்றைத்தான்.

கீரை சாணளவு வளர்ந்ததும் அவள், "புடுங்கி ஊட்டுக்கு எடுத்துக்கினு போங்க" என்று அவர்களைப் போலவே பேசிச் சொன்னாள். என் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். "பேராசிரியை பார்க்கும்வரை ஒரு செடியையும் தொடக்கூடாது" என்றேன்.

அவர் வருவது இரண்டு முறை தள்ளிப்போனது. வந்த அன்று அவளுடைய பாத்தியில் இருந்தது வெறும் மண். என்னுடையது இடுப்பளவு நின்றது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

பேராசிரியை அந்த வெறும் மண்ணைக் காட்டி, "இங்கே விதைத்தது எங்கே?" என்று கேட்டார்.

"துன்னுட்டோம்மா!" என்றாள் ஒரு சிறுமி. எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். "எங்கம்மா பருப்பு போட்டுக் கடைஞ்சாங்க." "எங்க நைனா இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்டாரு." பேராசிரியை சிரித்துக்கொண்டே ஒவ்வொருவரிடமும் கேட்டார். பிறகு என் பக்கம் வந்து ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தார். நார் நாராக வந்தது. நுனியில் பூங்கதிர் விட்டிருந்தது.

"அழகாக இருக்கிறது. ஆனால் சமைக்க முடியாதே, அம்மா" என்றார்.

என் பிள்ளைகளில் ஒருவன் அவர் போகும்வரை பொறுத்திருந்து கேட்டான்: "டீச்சர், இப்ப புடுங்கலாமா?"

நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "வேணாண்டா கண்ணு. முத்தட்டும். அத்தினி பேருக்கும் விதை இதுலதான் வரப்போவுது. டீச்சர் கீரை இல்லேன்னா அடுத்த தபா இன்னாத்தை விதைப்பீங்க?"

எனக்காகத்தான் சொன்னாள். பிள்ளைகள் ஆரவாரத்தோடு வந்து என் பாத்தியைச் சுற்றி நின்றார்கள், அவள் கையைப் பிடித்தபடி. திரும்பும் ரயிலில் அவள் வேர்க்கடலையை நீட்டினாள். பசித்தது, வேண்டாம் என்றேன்.