ஜெயக்கொடியின் கட்டை விரல்

செஞ்சியில் கல்யாண சாம்பார் ருசித்தால் சமையல் மாஸ்டர் தேவேந்திரனுக்குப் பேர். அதில் மிதக்கும் காய் ஒரே அளவாக இருந்தால் யாருக்கும் பேர் கிடையாது. அந்தப் பேர் இல்லாத வேலையைத்தான் ஜெயக்கொடி பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறாள். சமையல் கோஷ்டியின் பதினோரு கத்திகளைத் தீட்டுவதும் அவள்தான். சாணை மிஷினில் கொடுத்தால் கத்தி சூடேறிச் செத்துப்போகும் என்பது மாஸ்டரின் சட்டம்.

கறுப்புத் தீட்டுக்கல்லை ஈரக் கோணிமேல் வைத்து, தண்ணீர் தெளித்து, கத்தியைச் சாய்த்து இழுப்பாள். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்க ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு எழும்பும். அதைக் கட்டை விரல்தான் கண்டுபிடிக்கும். பிசிறு போகாத கத்தி நாலு கிலோ காய் வரைக்கும் சமர்த்தாக வெட்டிவிட்டு அப்புறம் மழுங்கிவிடும். விரலால் தடவி, "பதம் வந்துட்டுது" என்று ஜெயக்கொடி சொல்லிவிட்டால் அதற்கு மறுபேச்சு இல்லை.

தை மாதத்திலிருந்து அந்த விரலுக்கு உணர்ச்சி இல்லை. முதலில் போனது கால். மலையனூர் அங்காளம்மன் கோயில் அமாவாசைக்குப் போய் வந்தபோது ஒரு செருப்பை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு, அது தெரியாமலே வீடு வரை நடந்து வந்தாள். "சர்க்கரை நரம்பத் தின்னுட்டுதும்மா. போனது இனிமே திரும்பாது" என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ். அடுத்தது விரல்கள்.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? முன்பு ஒரு நிச்சயதார்த்தத்தில், கூடக் காய் வெட்டிய வள்ளியம்மாளின் விரல் வெட்டுப்பட்டு அவரைக்காயில் ரத்தம் சொட்டியது. அபசகுனம் என்று ஒரு அண்டா காயையும் கொட்ட வைத்தார்கள் பெண் வீட்டார். அதற்குப் பிறகு வள்ளியம்மாளை யாரும் கத்தி பக்கம் விடவில்லை. ஜெயக்கொடிக்கோ கத்தியை விட்டால் வேறு வேலை தெரியாது, சோறு போட வேறு ஆளும் இல்லை.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். பக்கத்துக்கு நாற்பது இழுப்பு என்று எண்ணித் தீட்டினாள். வெட்டும்போது, "பீட்ரூட்ட நான் பாத்துக்கறேன்" என்று முந்திக்கொண்டாள். அதில் எது சொட்டினாலும் தெரியாது. அது பாவம் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் செய்தாள்.

வைகாசி முகூர்த்தம் ஒன்றுக்கு முந்தின நாள் மதியம், மண்டபத்துக் கொல்லையில் தீட்டிக்கொண்டிருந்தாள். காய் வெட்டும் சுமலதா ஒரு கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னாக்கா இது, காலைல தீட்டுனது. கேரட்டு மேல வழுக்குது."

பின்னாலேயே மாஸ்டரும் வந்தார். ஜெயக்கொடி அவசரமாகக் கையிலிருந்த கத்தியில் விரலை ஓட்டினாள். "இது பதம் வந்துட்டுது மாஸ்டர். இத எடுத்துக்கச் சொல்லுங்க."

தேவேந்திரன் கத்தியைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்தார். சாம்பல் நிறத் தண்ணீரில் சிவப்பு கலந்து கோணியில் இறங்கிக்கொண்டிருந்தது. கத்திதான் அவள் விரலைப் பதம் பார்த்திருந்தது.

"பீட்ரூட் சாயம்" என்று கையை முந்தானைக்குள் மறைத்தாள்.

"மூட்டையே இன்னும் பிரிக்கலியே ஜெயா."

அவள் கையை முந்தானைக்குள் இன்னும் இழுத்துக்கொண்டாள்.

"கண்ண மூடிக்கினு கைய நீட்டு."

"இன்னாத்துக்கு மாஸ்டர்?"

"நீட்டும்மா."

நீட்டினாள். அங்காளம்மா, இந்த ஒரு தடவை காப்பாத்து, இனிமேல் வாயைத் திறந்து எதுவும் கேட்க மாட்டேன் என்று உள்ளுக்குள் கதறினாள்.

"எந்த வெரல புடிச்சிருக்கேன்?"

உயிரையெல்லாம் விரல்களுக்கு அனுப்பித் தேடினாள். கட்டை விரலில் லேசாகச் சூடு தெரிகிற மாதிரி இருந்தது. நிச்சயமாக இருந்தது.

"கட்டவெரலு."

"அழுத்தறனா?"

"அழுத்தறீங்க மாஸ்டர். வலிக்குது."

கண்ணைத் திறந்தாள். தேவேந்திரன் நாலு அடி தள்ளி, குழாயடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சுமலதா அழுதுகொண்டிருந்தாள்.

"கத்திங்கள இனிமே சுமலதா பாத்துக்கட்டும்" என்றார் மெதுவாக. பிறகு கிட்டே வந்து, தோளில் கிடந்த துண்டைக் கிழித்து ஜெயக்கொடியின் விரலைச் சுற்றிக் கட்டினார். நன்றாக இறுக்கிக் கட்டுகிறார் என்பதை அவள் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.