கயிற்றில் போடாத பெயர்

சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஷரிபுதீனைக் குரலால் அறியாதவர் இல்லை. கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர். வலை தூரத்தில் கிடந்தால் நீட்டிப் பாடுவார். மீன் சேரும் வலை மடி கரையை நெருங்கியதும் பாட்டு குறுகி வேகமாகும். இழுப்பவர்களின் பெயர்களைச் சிரிப்பு மூட்டப் பகிடியாக அடிகளுக்குள் கோப்பதும் அவர்தான்.

1983இல் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. பேச்சும் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்ட பிறகு, ஆஸ்பத்திரி நேர்ஸான நான் வேலை முடிந்ததும் போய்க் கைகால் பயிற்சி கொடுப்பேன். மகன் சவூதியிலிருந்து அனுப்பிய கசட் பெட்டி அங்கே இருந்தது. விரல் மடக்க மெதுவான பாட்டு, கால் தூக்கக் கொட்டு நன்றாக விழும் பாட்டு என்று பார்த்துப் போட்டேன். கால் கொஞ்சம் இணங்கியது. தோளுக்கு எந்தக் கசட்டும் உதவவில்லை. அதனால் அவரோடு வலை இழுத்த பதியுதீனைக் கூப்பிட்டேன்.

பதியுதீன் யன்னல் கம்பியில் கயிறு கட்டி, நீட்டுப் பாட்டில் ஓர் அடி எடுத்தார். மறு அடியை ஷரிபுதீன் பாடினார். தண்ணீர் கேட்க முடியாத வாயிலிருந்து முழு அடியும் வந்தது. கையும் கயிற்றோடு வந்தது. பேச்சுப் போன சிலருக்குப் பாட்டு மிஞ்சுவதை நான் முன்பும் கண்டிருக்கிறேன். அவர் மனைவி ஹாஜறா கண்டதில்லை. முன்பெல்லாம் வாசல் கடப்படியில் நின்றே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் மனிதர் அவர். இன்னொரு தடவை அப்படிக் கூப்பிட்டால் போதும் என்றாள். நான் உறுதி எதுவும் சொல்லவில்லை.

அவரை அண்ணன் முறையில் காக்கா என்றும் அவளை மச்சி என்றும் கூப்பிடுபவர் பதியுதீன். தன் பெயரைப் பாட்டில் போடும்படி அவள் அவரிடம் கெஞ்சியிருக்கிறாள். ஒருநாள் பெயர் கோக்கும் இடத்தில் அவர் ஹாஜறாவின் பெயரைப் போட்டார். ஷரிபுதீன் அதைத் திருப்பிப் பாட வேண்டும். அவர் பாடவில்லை. கயிற்றை விட்டுவிட்டுப் பதியுதீனை முறைத்தார். வீட்டுப் பெண்ணின் பெயரை அம்பாவில் போடுவது கடற்கரையில் பெரிய மானக்கேடு.

"பிழைதான் காக்கா. மச்சி அழுதா, அதுக்குத்தான்," என்றார் பதியுதீன்.

ஷரிபுதீன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு பதியுதீன் எத்தனை முறை பாட்டெடுத்தும் அவர் வாய் திறக்கவில்லை. தோள் மறுபடி இறுகியது. மாரி மழைக்கு முன் இரண்டாம் தடவை வாதம் வந்தது, அதிலிருந்து எழும்பவில்லை.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்த ஹாஜறாவுக்குப் பிரஷர் பார்க்கப் போனேன்.

"மிஸ்ஸி, கடைசியில அவருக்கு என்னைத் தெரிஞ்சிருந்ததா?"

"ஓம். தெரியாட்டி உங்கட பேருக்கு ஏன் கோவிக்கிறார்?"

கையில் நான் சுற்றிய பட்டியைப் பார்த்தாள்.

"தெரியிறது வேற மிஸ்ஸி. கூப்பிடுறது வேற."

பட்டியைக் கழற்றினேன். பிரஷர் கூடியிருந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு எழும்பினேன்.