சீர்த்தட்டில் ஒரு லண்டன் பைப்பு

கிணத்துக்கடவு வெள்ளியங்கிரி எதையும் கண்ணால் மட்டும் பார்த்து வாங்கியவர் அல்ல. தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். கொப்பரையை உடைத்து மோந்து பார்ப்பார். பொள்ளாச்சிச் சந்தையில் மாடு பிடிக்கப் போனால் பல் பார்த்து, சுழி பார்த்து, வண்டியில் பூட்டி ஒரு சுற்று ஓட்டிய பிறகுதான் துண்டுக்குள் கையை நீட்டி விலை பேசுவார். விற்கும்போதும் அதே கறார்தான். "வலத்துப் பக்கம் போனீங்கன்னா உதைக்குமுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். இதனால் கெட்ட வியாபாரம் கொஞ்சநஞ்சமல்ல.

அவர் மனைவி சின்னாத்தாளுக்கு இந்தக் குணத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். "இவீங்க சரக்கோட குத்தத்த இவீங்களே டமாரம் அடிப்பாங்க. நாம எந்தக் காலத்துல கார் வாங்கறது?" என்பாள்.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரே ஒரு பொருளைச் சோதிக்காமல் வாங்கினார். வாங்க வேண்டியதாகிவிட்டது. மகள் கீதாவின் நிச்சயத்துக்காக.

மாப்பிள்ளை மனோஜ்குமார் நல்ல பையன். அவன் அப்பா அவினாசியப்பன் கணபதி என்கிற ஊரில் மோட்டார் பம்ப் கம்பெனி வைத்திருந்தார். ஃபிட்டராக ஆரம்பித்து மேலே வந்தவர். வாயில் எப்போதும் புகை பிடிக்கிற பைப்பு ஒன்று இருக்கும். வேலைக்கு ஆள் எடுப்பதும், பாங்கு மேனேஜரிடம் பேசுவதும் அந்தப் பைப்பைக் கடித்துக்கொண்டுதான். கணபதியில் அவரைப் 'பைப்புக்காரர்' என்றால்தான் தெரியும். அவர் மனைவி மயிலாத்தாள் எச்சில் விஷயத்தில் நெருப்பு. பெண் வீட்டார் கணபதிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது, வெள்ளியங்கிரி டம்ளரில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டார். மயிலாத்தாள் அந்த டம்ளரை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் வைத்ததைச் சின்னாத்தாள் பார்த்துவிட்டாள். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதாள்.

"வேட்டி துண்டு மட்டும் தட்டுல வெச்சா நம்மள என்னன்னு நெனைப்பாங்க? சம்பந்திக்கு ஒரு பைப்பு வாங்குங்க. வாங்குனா ஒசத்தியா வாங்கணும்."

ஒப்பணக்காரத் தெருவில் கலீல் ரஹ்மானின் கடையில் வெளிநாட்டுச் சாமான் கிடைக்கும். அவர் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டிய பைப்பு லண்டன் கம்பெனிச் சரக்கு, கழுத்தில் தங்க வளையம் போட்டது. விலையைக் கேட்ட வெள்ளியங்கிரிக்குத் தலை சுற்றியது. ஒரு கறவை எருமை வாங்கலாம்.

"பாய், இது இந்தக் காசுக்குத் தேறுமா?"

"பாதி மரத்துக்கு, பாதி பேருக்குங்க. பெரிய மனுசருக்குக் குடுக்கறதுன்னா பேரும் வேணுமில்லீங்களா?"

"பத்த வெச்சுப் பாத்துட்டு வாங்கலாமுங்களா?"

கலீல் ரஹ்மான் சிரித்துவிட்டார். "நெருப்புப் பட்டா உள்ள கறுத்துருமுங்க. அப்புறம் அது புதுசாகாது."

வாங்கிவிட்டார். ஆனால் மனசு கேட்கவில்லை. பூட்டிப் பார்க்காத மாட்டை ஓட்டிவந்த மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. நாளைக்குச் சம்பந்தி பற்ற வைத்து, புகை வராமல் போனால்? பேரைச் சொல்லி ஏமாற்றுகிறவன் இல்லாத ஊரா?

நிச்சயத்தன்று காலையில், வீட்டில் எல்லோரும் பந்தல் வேலையில் இருக்க, அவர் பைப்பை மடியில் கட்டிக்கொண்டு கொப்பரைக் களத்துக்குப் போனார். உடன் கொடுத்த புகையிலை டப்பாவைப் பிரிக்க மனமில்லை. களத்து ஆள் ஒருவனிடம் இரண்டு பீடி வாங்கி, தூளை உதறிக் கொட்டி, தீக்குச்சியைக் கிழித்தார். புகை வந்தது. ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு. நாக்கு சுட்டது. பீடியே தேவலை என்று தோன்றியது. ஆனாலும் பொருள் வேலை செய்கிறது என்பதில் நிம்மதியாக வீடு திரும்பினார்.

பெட்டியில் வைக்கப் பைப்பை வாங்கிய சின்னாத்தாள் மூக்கைச் சுளித்தாள். "என்னுங்க இது, பீடி நாத்தம் அடிக்குது?"

"ஒருக்கா பத்த வெச்சுப் பாத்தேன் அம்மணி."

"வாயில வெச்சீங்களா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பூட்டிப் பார்த்தால் மாடு எச்சில் ஆகாது. பைப்பு ஆகும். ஐம்பத்து நாலு வயதில் இந்த அறிவுகூட இல்லாமல் போயிற்றே என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். பேனாக்கத்தியால் உள்ளே சுரண்டினார். கரி போகவில்லை, மரத்தில் கீறல்தான் விழுந்தது. சீர்த்தட்டிலிருந்தே எடுத்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. லண்டன் பைப்பு வருகிறது என்று சின்னாத்தாள் போன வாரமே சொந்தக்காரர்கள் மூலம் மயிலாத்தாள் காதுவரைக்கும் எட்ட விட்டிருந்தாள்.

"பொட்டியோட வெச்சுப்போடலாம். ஊட்டுக்குப் போயித்தான் தொறப்பாங்க. நீங்க மட்டும் வாயத் தொறக்காதீங்க. உங்க கால்ல உழுகறேன்" என்றாள் சின்னாத்தாள். வாசலில் கார் சத்தம் கேட்டது.

அவினாசியப்பன் பந்தலில் நடுநாயகமாக உட்கார்ந்தார். பக்கத்தில் மயிலாத்தாள். உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் நிச்சயம் முடிந்தது. அதற்கு முன் சீர்த்தட்டு. வெள்ளியங்கிரி தட்டை நீட்டினார்.

அவினாசியப்பன் வீட்டுக்குப் போகும்வரை காத்திருக்கவில்லை. அங்கேயே பெட்டியைத் திறந்து பைப்பைத் தூக்கிப் பார்த்தார். தங்க வளையத்தைத் தடவினார். உள்ளே எட்டிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது.

"ஏனுங்க, இது ஆரோ புடிச்ச பைப்புங்க. கடைக்காரன் பழசப் புதுசுன்னு உங்க தலைல கட்டிப்போட்டான். எந்தக் கடை? சொல்லுங்க, இப்பவே ஆளனுப்பி ஒரு கை பாக்கறேன்."

சின்னாத்தாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஆமாங்க, அந்தக் கடை பாய்தான்..." என்று ஆரம்பித்தாள்.

வெள்ளியங்கிரி நிலைப்படிப் பக்கம் பார்த்தார். பட்டுச்சேலையில் கீதா தலைகுனிந்து நின்றிருந்தாள். சந்தையில் மாட்டின் குற்றத்தைச் சொன்னால் மாடு விற்காமல் போகும், அவ்வளவுதான். இங்கே சொன்னால் போவது மகளின் கல்யாணம். ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும், எல்லாம் நல்லபடி முடிந்துவிடும். ஒரு பாவமும் அறியாத கலீல் ரஹ்மான்தான் நாலு பேர் முன்னால் திருடன் ஆவார். வெள்ளியங்கிரி சம்பந்தி பக்கம் திரும்பினார்.

"பாய் மேல தப்பில்லீங்க. அவரு புதுசாத்தான் குடுத்தாரு. நாந்தான் காலைல பத்த வெச்சுப் பாத்துப்போட்டேன். பாக்காம ஒரு பொருளக் குடுத்து எனக்குப் பழக்கமில்லீங்க. எச்சலுன்னு அப்பத் தோணுல."

மயிலாத்தாள் விருட்டென்று எழுந்துவிட்டாள். "எச்சப் பண்டத்தச் சீர்த்தட்டுல வெச்சு நீட்டறாங்களே! எந்திரிங்க, போலாம்." கூட வந்த பெண்கள் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்கள். மனோஜ்குமார் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கீதா கதவுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். அந்த நிமிஷத்தில் வெள்ளியங்கிரிக்குச் செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

அவினாசியப்பன் மட்டும் எழவில்லை.

"புடிச்சுப் பாத்தீங்கல்ல, எப்படி இருந்துச்சு? குடுத்த காசுக்குத் தேறுமுங்களா?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "தேறாதுங்க. பேருதான். நாக்குத்தான் வெந்துபோச்சு."

அவினாசியப்பன் சட்டைப் பையிலிருந்து தன் பழைய பைப்பை எடுத்தார். கணபதியே பார்த்துப் பழகிய பைப்பு. அதைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு தலை நிமிராமல் பேசினார்.

"இது நான் காசு குடுத்து வாங்குனதில்லீங்க. வால்பாறைல எஸ்டேட்டு ஃபேக்டரியில ஃபிட்டரா இருந்தேன். தொரை சீமைக்குப் போறப்ப வேண்டாம்னு போட்டுட்டுப் போனது. அவரு வாயில பத்து வருசம் இருந்த பைப்பு. சுடுதண்ணியில கூடக் கழுவுல, அப்படியே எடுத்து வாயில வெச்சுக்கிட்டேன். வெச்சதும் பெரிய மனுசன் ஆயிட்டாப்பல இருந்துச்சு. இதச் சொல்ல எனக்கு இந்நாள் வரைக்கும் தெகிரியம் வல்ல. இதா, இவளுக்குக்கூடத் தெரியாது."

மயிலாத்தாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருஷமாக அந்தப் பைப்பைப் பூஜையறை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துத் துடைத்துவந்தவள் அவள்.

அவினாசியப்பன் பழைய பைப்பைக் கீழே வைத்தார். புதுப் பைப்பை எடுத்தார். மயிலாத்தாள் அவசரமாக முந்தானையை நீட்டி, "தொடைச்சாவது வெய்யுங்க" என்றாள், குரல் இறங்கிப்போய்.

அவர் துடைக்கவில்லை. அப்படியே வாயில் வைத்துக்கொண்டு, "அந்த உப்புச் சக்கரைத் தட்டக் கொண்டாங்க, சம்பந்தி" என்றார்.