ஒற்றைச் சரி

சாம்பல் நிறத்தில் ஒரேயொரு சின்னச் சரிக்குறி. கணித ரீச்சர் தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டியபோது அதைத்தான் முதலில் பார்த்தேன். நெடுந்தீவுக்குப் போகும் படகின் அடித்தட்டில், தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றுக்குப் படங்குத் துணியை இழுத்து மூடிய இருட்டில், முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்தோம். எதிரே எங்கள் பள்ளிக்கூட அதிபர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

குறிகட்டுவான் துறையில் ஏறுகிற அவசரத்தில் ரீச்சர் தன் அக்காவுக்குக் குரலில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். விரல் தவறி அது எங்கள் ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவுக்குப் போயிருந்தது. நெடுநேரம் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டு, கடலில் சிக்னல் அறுகிற கடைசி நேரத்தில் போய்த் தொலைந்திருந்தது. சிக்னல் இல்லாமல் அழிக்க வழியில்லை. கரை வரும்வரை யாருக்கும் போய்ச் சேரப்போவதுமில்லை. குழுவில் இருந்த ரீச்சர்மார் அத்தனை பேரும் அதிபரும் அதே படகில்தான் இருந்தோம்.

"என்ன சொன்னனீர்?" என்று காதுக்குள் கேட்டேன்.

"இவரைப் பற்றித்தான். குதிச்சு நீந்திப் போகவும் ஏலாது" என்றார், அதிபரைக் கண்ணால் காட்டி, அழுகிற குரலில்.

ரீச்சருடைய மகள் யாழ்ப்பாணத்தில் அக்காவிடம் வளர்ந்தாள். பிள்ளை இப்போது அக்காவையே அம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணப் பக்கம் மாற்றலாகிப் போக அதிபரின் கையெழுத்து வேண்டும். விண்ணப்பம் அவர் மேசையில் கிடந்தது. எனக்குப் பாவமாய் இருந்தது. பாழாய்ப்போன சிரிப்பும் கூடவே வந்தது.

கரை நெருங்கியதும் எல்லாப் பைகளுக்குள்ளும் கைப்பேசிகள் ஒன்றாகக் கிணுகிணுத்தன. ரீச்சர் அந்தச் செய்தியைத் தேடி அழிப்பதற்குள் அதிபர் இறங்குதுறையில் ஏறி, எப்போதும்போல உரத்த ஒலியில் அதைக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

"அந்த மனுசன் காலைமைக் கூட்டத்திலை பேசத் தொடங்கினால் பிள்ளையளுக்குக் கால் விறைச்சுப் போகும். நல்ல பேச்சு சேர், நல்ல பேச்சு சேர் எண்டு நாங்கள் எல்லாரும் சும்மா சொல்லுறனாங்கள். கையெழுத்து வாங்க வேணுமே, அக்கா!"

அதிபர் நிறுத்தத்தான் பார்த்தார். எங்கே அமத்தினாலும் முதலிலிருந்து தொடங்கியது. மூன்றாம் முறை கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"ரீச்சர், இதை ஒருக்கா நிப்பாட்டித் தாரும்."

அன்றைக்கே கையெழுத்து வைத்துக் கொடுத்தார். ஒரு சொல் கடிந்து பேசவில்லை. ரீச்சர் தன் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு காலைக் கூட்டத்தில் அதிபர், "எல்லாரும் கவனமாய்ப் படியுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். நாங்கள் விரும்பியதும் அதைத்தான். ஆனாலும் அவர் இறங்கும்போது ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

போன மாதம் அவர் ஓய்வு பெற்றார். பிரியாவிடைக்குப் பேச அழைத்தபோது, "எத்தினை நிமிசம் தருவீர்?" என்று என்னிடம் கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று மாலைப் படகில் அதே அடித்தட்டு, எதிரே அவர். சிக்னல் அறுந்தது. நீங்கள் நல்ல மனிதர் சேர் என்று சொல்ல வாயெடுத்தேன். மனதாரத்தான். ஆனால் எங்கள் வாயிலிருந்து வரும் புகழ்ச்சி எதையும் அவர் இனி நம்பப்போவதில்லை. குறிகட்டுவான் வரும்வரை முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்தோம்.