பின் பிரேக்கும் பக்கத்து சீட்டும்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்குக் காலில் ஒரு வியாதி. கற்றுக்கொள்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கென்று வைத்த இன்னொரு பிரேக்கை மிதித்தே வயதானவர். சினிமாவில் வில்லன் வண்டி வேகமெடுத்தால்கூட முன்வரிசைக்காரரின் முதுகில் உதை விழும். அப்பேர்ப்பட்டவர் ஒரு பழைய காலத்துக் காரை வாங்கி எதைப் பெரிதாக்குவார்? எஞ்சினையா?

நான்கு சக்கரத்துக்கும் புது டிஸ்க் பிரேக். பின்பக்கம் இன்னும் பெரிசு. கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்ற அப்பாவி எண்ணம்.

முதல் மழையிலேயே அது பல்லை இளித்தது. ஸ்கூல் வாசலில், மாணவர்கள் பார்க்க, மிதித்தார். பாரமில்லாத பின்சக்கரங்கள் முந்திக்கொண்டு இறுகி வழுக்கின. கார் ஒரு சுற்று சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது. பக்கத்தில் இருந்த மனைவி நிதானமாக இறங்கினாள்.

"நான் நடந்து வரேன். நீங்க எந்தப் பக்கம் போகணும்னு வண்டிகிட்டயே கேட்டுக்குங்க."

அதோடு சரி. ஊரார் வீட்டுப் பெண்களெல்லாம் அவரை நம்பி ஸ்டியரிங் பிடித்தார்கள்; சொந்தப் பெண்டாட்டி பஸ் பிடித்தாள். காலியான பக்கத்து சீட் மாஸ்டரை அரித்தது.

பின்பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு பொருத்தினார். ஆனால் எந்தச் சக்கரம் முதலில் இறுகுகிறது என்று வெளியே நின்று பார்க்க ஆள் வேண்டுமே?

"பாக்கறேன். ஏற மாட்டேன்," என்றாள் மனைவி.

ஊர்க்கோடியில் ஒரு கிடங்குக்குப் பின்னால் ஈரமான வெட்டவெளி. சுற்றுவது நின்றால் தெரிய டயர்களில் சாக்பீஸ் கோடு. குடையோடு அவள். நிற்க வேண்டிய இடத்தில் ஒரு செங்கல்.

"எது முதல்ல நின்னுச்சு?"

"பின்னாடி. அதுக்கு உங்களோட வர இஷ்டமில்ல போல."

திருகினார், ஓட்டினார், மிதித்தார். மறுபடி திருகினார். ஒருவழியாக அவள் குடையை ஆட்டினாள். "முன்னாடி முதல்ல! நேரா நின்னுச்சு!"

நின்றதென்னவோ செங்கல்லைத் தாண்டி. மாஸ்டருக்குப் பொறுக்குமா? சத்தமில்லாமல் பின்பிரேக்கைக் கொஞ்சம் கூட்டித் திருகிவிட்டு, "கடைசியா ஒரு தடவை," என்றார். செங்கல்லுக்கு முன்பே நின்றது, வாலை ஒரு பக்கம் வீசி.

"பின்னாடி கோடு மறுபடி முந்தி நிக்குது. என்ன பண்ணீங்க?"

"இல்லம்மா, செங்கல்லத் தாண்டுதேன்னு..."

"தாண்டட்டும். எனக்கு நேரா போகணும், அவ்வளவுதான்."

முகம் சுண்டிப்போன மாஸ்டர் பழைய இடத்துக்கே திருகி, நட்டை இறுக்கினார். அவள் கையை நீட்டினாள். ஸ்பேனரைத் தந்தார். அது கைப்பைக்குள் போனது. பிறகு, யாரும் கூப்பிடாமலே, முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

மனைவியின் அக்கா வீடு வரைக்கும், ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. மாஸ்டர் பார்க்காதது போல ஓட்டினார்.

சகலை காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இந்தத் திருகை இன்னும் கொஞ்சம் திருப்பினா டக்குனு நிக்குமே, சகலை?"

"நிக்கும்," என்றார் மாஸ்டர். "ஸ்பேனர் மேலிடத்துல இருக்கு."