லைசென்ஸ் கேட்டது யாருக்கு?

கணவர் போனபின் கும்பகோணத்தில் நானும் என் நாய் ராணியும்தான். உண்ணிக் காய்ச்சலில் அதற்கு ரத்தம் குறைந்தது. வாட்ஸ்அப்பில் கிடைத்த ஒருவரிடம் நாய் ரத்தம் வாங்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

"லைசென்ஸ் இருக்காம்மா?"

ராணிக்கு மாநகராட்சியில் எடுத்த லைசென்ஸை நீட்டினேன்.

"நாய்க்கு இல்லம்மா, ரத்தம் வித்தவருக்கு! சோதிக்காத ரத்தத்தை ஏத்துனா வேற நோய் வந்துடும். தெரிஞ்சவங்க நாய் இருந்தா கூட்டிட்டு வாங்க, சோதிச்சு எடுத்துக்கலாம்."

எனக்குத் தெரிந்தவர் யார்? பதினோரு வருடமாகப் பக்கத்து வீட்டு நாய் குரைப்பதைக் கேட்கிறேன். அவர்கள் பெயர் தெரியாது. அன்றுதான் அந்தக் கேட்டைத் தட்டினேன். அந்த அம்மாள் மறுபேச்சில்லாமல் தன் நாயோடு ஆட்டோவில் ஏறினார்.

ராணி பிழைத்தது. இப்போதெல்லாம் லைசென்ஸ் பார்க்காமல் மருந்துகூட வாங்குவதில்லை. ராணியின் லைசென்ஸுக்குப் பின்னால் அந்த அம்மாளின் நம்பரை எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு ஒன்று என்றாலும் கூப்பிட அந்த ஒரு நம்பர்தான்.