கண்மை பூசிய துப்பாக்கி

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. செம்பாக்கத்தில் ஏரிக்குப் பின்தெருவில் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தவர்களுக்குத் துப்பாக்கியோடு என்ன வேலை? அது சுடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்துச் சுடுகிற அந்தக் காலத்துத் துப்பாக்கியைப் போலவே செய்த அலங்காரச் சாமான் அது. இருந்தாலும் ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் வீடு அதை நம்பித்தான் இருந்தது.

அப்பா அப்போது வேலையில்லாமல் இருந்தார். மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில், அச்சுகளும் கருவிகளும் செய்கிற டூல்ரூமில் இருந்தவர். ஆட்களைக் குறைத்தபோது அவரையும் அனுப்பிவிட்டார்கள். எனக்கு எட்டு வயது. அப்பா பகலெல்லாம் வீட்டில் இருப்பது எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. பள்ளிக்கூட வாசலில் என் அப்பாதான் தினமும் வந்து நிற்கிறார் என்று பெருமை வேறு பீற்றிக்கொண்டேன். இந்த அம்மா மட்டும் ஏன் சிடுசிடுவென்று இருக்கிறாள் என்று அவள்மேல் கோபம்கூட வந்தது.

கீழ்ப் போர்ஷன்காரர், பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதிக்கு செக்யூரிட்டி ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தார். அவர் போன பிறகு அப்பா அம்மாவிடம், "டூல்ரூம்ல இருந்தவன் கேட்டுல போய் நிக்கறதா?" என்று கேட்டார். அம்மா அரிசி களைந்துகொண்டே இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, மழையில் நனைந்துகொண்டு மாடியேறி வந்தார். ஓட்டல்களுக்கு உள் அலங்காரம் செய்யும் ஒரு காண்ட்ராக்டரிடம் அவருக்கு வேலை. கடற்கரைப் பக்கம் அரண்மனை மாதிரி ஓட்டல் ஒன்று கட்டுகிறார்களாம், அறைக்கு அறை சுவரில் பழைய துப்பாக்கி மாட்ட வேண்டுமாம். தோளில் துப்பாக்கி வடிவத்தில் செதுக்கிய பூவரசங் கட்டை ஒன்றை வைத்திருந்தார்.

"மச்சான், கட்டை ரெடியா கீது. பித்தளை வேலைய நீ பண்ணு. சாம்பிள் மட்டும் ஓகே ஆச்சுன்னு வெச்சுக்க, மொத்த ஆர்டரும் உனுக்குதான். அப்பால எவன்கிட்டயும் கைகட்டி நிக்க வாணாம்."

அப்பா கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வேலை பால்கனியில் நடந்தது. அடிக்கட்டைக்குப் பூண், விசைக்குக் காப்பு வளையம், விசையை இழுத்தால் சுத்தியல்போல் விழுகிற குதிரை உட்காருவதற்குப் பக்கத் தகடு என்று எல்லாவற்றையும் பித்தளையில் வெட்டி அராவினார். பிறகு மரத்தில் பள்ளம் எடுத்து அவற்றை உட்கார வைக்க வேண்டும். தகடு மரத்தின்மேல் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரிந்தால் அப்பாவுக்குப் பிடிக்காது. மரத்திலேயே முளைத்ததுபோல் இருக்க வேண்டும். கம்பெனியில் இரண்டு இரும்புகள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க ஒன்றில் நீலச் சாயம் பூசி மற்றதில் அழுத்துவார்களாம். சாயம் ஒட்டுகிற இடம் மேடு. வீட்டில் நீலச் சாயத்துக்கு எங்கே போவது? அம்மாவின் கண்மை டப்பா இருந்தது. தகட்டின் அடியில் கண்மையைத் தடவிப் பள்ளத்தில் அழுத்தி எடுப்பார், கறுப்பு பட்ட இடத்தை மட்டும் உளியால் சுரண்டுவார். மறுபடியும் கண்மை, மறுபடியும் சுரண்டல். அவர் கையில் மை, மூக்கில் மை, கதவிலெல்லாம் மை.

"எனக்குப் போடத்தான் இல்ல, துப்பாக்கியாவது லட்சணமா இருக்கட்டும்" என்றாள் அம்மா. எத்தனையோ நாள் கழித்து அவள் சிரித்துப் பார்த்தேன்.

முடித்த அன்று அப்பா என்னைக் கூப்பிட்டு, தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு தாளைச் செருகச் சொன்னார். நுனிகூட நுழையவில்லை. "பாத்தியா பாப்பா, காத்துகூடப் போவாது." அம்மா மிச்சம் இருந்த மையை வழித்து, அடிக்கட்டையில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

சாம்பிள் பிடித்துவிட்டது. காண்ட்ராக்டர் அதைத் தன் ஆபீஸ் சுவரிலேயே மாட்டிக்கொண்டாராம். அம்மா கேசரி கிளறினாள். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் வாடகைக்கு ஷெட் பார்க்கப் போனார். "இங்க டிரில்லிங் மெஷின், அங்க பெஞ்சு" என்று வெறும் தரையைக் காட்டிச் சொல்லிக்கொண்டே நடந்தார். கீழ்ப் போர்ஷன்காரர் மறுபடி விடுதி வேலையைப் பற்றிக் கேட்டபோது, வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

மழை விட்டுக் கொஞ்ச நாளில் மாமா வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய துப்பாக்கி.

"ஏசி ரூம்ல சொம்மா மாட்டிகினு இருந்துச்சு மச்சான். தானா புட்டுகிச்சு."

பக்கத் தகட்டுக்குப் பின்னால், கட்டை மெலிந்து கைப்பிடியாகிற இடத்தில், நீளமாக ஒரு விரிசல். அப்பா அதன்மேல் பெருவிரலை ஓட்டிப் பார்த்தார். "மழையில வெட்டின மரம், உள்ள காயல. ஏசியில சுருங்கியிருக்கு. சுருங்கறதுக்கு நான் எடமே விடல" என்றார். மாமாவுக்குச் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். ஓட்டல்காரர்கள் வேறெங்கோ ரெடிமேடாக வாங்கிக்கொள்கிறார்களாம். மாமா காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இன்றைக்கும் எனக்கு இது ஆறவில்லை. ஏனோதானோவென்று வேலை செய்கிறவர் யாராவது அந்தத் தகட்டைக் கொஞ்சம் தொளதொளவென்று மாட்டியிருந்தால் மரம் பிளந்திருக்காது. என் அப்பா இரும்பையே பார்த்துப் பழகியவர். இரும்புக்கு வேண்டிய ஒழுங்கை ஈர மரத்திடம் எதிர்பார்த்தார். அவருடைய கெட்டிக்காரத்தனமே அவரைக் கவிழ்த்துவிட்டது.

அதன்பிறகு அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தார். காய்ச்சல் என்று நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. அம்மா கீழே இறங்கிப் போய்க் கீழ்ப் போர்ஷன்காரரிடம் வெகுநேரம் பேசிவிட்டு வந்தாள்.

ஒருநாள் காலை பல் தேய்த்துவிட்டு வந்தால், கூடத்தில் அப்பா நீலச் சட்டையில் நிற்கிறார். தோளில் பட்டை, இடுப்பில் பெரிய பெல்ட், தலையில் தொப்பி. எனக்குத் தலைகால் புரியவில்லை. "அப்பா போலீஸ் ஆயிட்டாரு!" என்று குதித்தேன். பீரோ மேலிருந்த துப்பாக்கியை நாற்காலி போட்டு ஏறி எடுத்துவந்து, இதை மறந்துவிட்டீர்களே என்று அவர் கையில் திணித்தேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, அத வையுங்க" என்றாள் அம்மா. நான் விடுவேனா? அவளுடைய செல்போனைப் பிடுங்கி, அப்பாவை விறைப்பாக நிற்கச் சொன்னேன். நின்றார். ஆனால் பெருவிரலைப் பக்கத் தகட்டுக்குப் பின்னால் அழுத்தி வைத்துக்கொண்டார். மற்ற விரல்கள் தகட்டின்மேல் மடங்கியிருந்தன. அந்த விரல் எதை மூடிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. இவ்வளவு பளபளப்பான பித்தளையை இப்படிக் கையால் மறைக்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது.

"கைய எடுங்கப்பா, மறைக்குது."

அப்பா என்னையே பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். படம் நன்றாக வந்தது.